இடது கைப் பிரேக்

சுழலும் கம்பிக் கதவுக்குள் அப்பாவின் சக்கர நாற்காலி நுழையவில்லை. நுழையாது என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வருடமாக எந்த வாசலைப் பார்த்தாலும் முதலில் அதன் அகலத்தைத்தான் பார்க்கிறேன். அண்ணனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. "வரும் வரும், கொஞ்சம் சாய்ச்சாப் போதும்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியின் முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு கம்பிகளுக்கு நடுவே சொருகினான். கம்பி அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு 'கடக்' என்று நின்றது. அப்பா பூங்காவுக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் என்னாச்சு என்னாச்சு என்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை, "தாத்தா மாட்டிக்கிட்டாரு!" என்று சந்தோஷமாகக் கத்தியது. அப்பா தன் இடது கையை மெல்ல இறக்கி, சக்கரத்தை ஒட்டி இருக்கும் பிரேக்கைப் பிடித்து அழுத்தினார். டக்.

"இவரு ஏன் இப்ப பிரேக்கப் போடறாரு?" என்றான் அண்ணன்.

"நீ தள்ளறது பிடிக்கல. கைய எடு."

"நல்லா இருக்கே கதை. உதவி செய்ய வந்தா இதான் மரியாதையா?"

காவலாளி வந்து பார்த்தார். பக்கத்தில் பெரிய கேட் இருந்தது, அதன் சாவி மேற்பார்வையாளரிடம் இருந்தது, மேற்பார்வையாளர் சாப்பிடப் போயிருந்தார். நாற்காலியைக் கம்பியிலிருந்து உருவி ஓரமாக நிறுத்திவிட்டு இருபது நிமிடம் வெயிலில் காத்திருந்தோம். அண்ணி கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். மணி இரண்டரை. எனக்கு ஆறு மணி வரைக்கும் நேரம் இருந்தது.

விஷயம் இதுதான். நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். முன்னால் கண்ணாடி அலமாரி, விளக்கு, சிரித்த முகமாக இரண்டு பெண்கள். என் இடம் பின்னால். ஆறடிக்கு எட்டடி அறை, லென்ஸ் தேய்க்கும் மெஷின், சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு குழாய், ஒரு ட்யூப்லைட். ஜன்னல் கிடையாது. பதினான்கு வருடமாக அங்கே உட்கார்ந்து லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறேன். இப்போது கடையின் முதலாளியம்மா வேறு ஊரில், ரயிலில் எட்டு மணி நேரம், புதுக்கடை திறக்கிறார். போன வாரம் என் அறைக்கே வந்து மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, "அங்க பட்டறை முழுக்க உன் பொறுப்பு. வர்றியா?" என்று கேட்டார். போனில் ஒரு படம் காட்டினார். புது மெஷின், புது மேசை. மேசைக்கு மேலே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரக்கிளை. எனக்கு நாற்பத்திரண்டு வயது. வர்றியா என்று என்னை யாரும் அதுவரை கேட்டதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள்கூட அப்பாவைத்தான் கேட்டார்கள், அப்புறம் அவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். "சனிக்கிழமை ஆறு மணிக்குள்ள சொல்லிரு. இல்லைன்னா வேற ஆளப் பாத்துக்கறேன். உன்மேல கோவமெல்லாம் இல்லம்மா" என்றார் முதலாளியம்மா. இன்றைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை.

ஆக, நான் அண்ணனிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அப்பாவை நீ கூட்டிட்டுப் போ. அவ்வளவுதான். ஒரு வாரமாக மெஷின் சத்தத்துக்கு நடுவே அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் வருகிறவன், ஆபீஸ் வேலையாக இந்த வாரம் வந்தது என் அதிர்ஷ்டம். "அப்பாவ எங்கயாவது வெளிய கூட்டிட்டுப் போவோம், பாவம், வீட்லயே அடைஞ்சு கெடக்கார்" என்று அவனே சொன்னதும் அதிர்ஷ்டம். தாவரவியல் பூங்கா, அருவி இருக்கிறது, மான் இருக்கிறது என்றான். வீட்டில் அடைந்து கிடப்பது அப்பா மட்டும்தான் என்று அவன் நினைத்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

சாவி வந்தது. கேட் திறந்தது. அண்ணன் மறுபடி கைப்பிடியைப் பிடித்தான். டக். நான் வாங்கியதும் அப்பா பிரேக்கை எடுத்துவிட்டார். உருண்டது.

அப்பா முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. பேச்சு என்றால் அடியோடு போகவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால் வார்த்தைக்கு எலும்பு இல்லாமல் போய்விட்டது. 'ஆ'வும் 'ஏ'வுமாக வெறும் சத்தம் வரும். அது எனக்கு மட்டும் புரியும். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆறு வருடம் ஒரே வீட்டில் ஒரே குரலைக் கேட்டால் சுவருக்கே புரியும். மற்றவர்களுக்கு அவர் பேசுவது அந்தப் பிரேக்கில்தான். இஷ்டம் இல்லை என்றால் இடது கை கீழே போகும், டக் என்று சத்தம் வரும். அப்புறம் யானை வந்து தள்ளினாலும் நகர மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எதையாவது பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும்போது அப்பா இடது கைக் கட்டைவிரலை மற்ற நாலு விரலுக்குள் ஒளித்துக்கொள்வார். உடற்பயிற்சி செய்துவிட வரும் பெண் அவருடைய வலது தோளைத் தூக்கும்போது, "வலிக்குதா ஐயா?" என்பாள். இல்லை என்று தலையாட்டுவார், சிரிக்கக்கூடச் செய்வார். விரல் உள்ளே இருக்கும். நான் அடுப்படியிலிருந்தே, "போதும்மா, இன்னைக்கு விட்டுரு" என்பேன். அந்தப் பெண்ணுக்கு என்மேல் கடுப்பு, நான்தான் அவரைச் சோம்பேறி ஆக்குகிறேனாம்.

பூங்கா நன்றாகத்தான் இருந்தது. வழி நெடுகச் செம்மண் பாதை, இரண்டு பக்கமும் மரம், ஒவ்வொரு மரத்திலும் ஒரு தகரப் பலகை அடித்திருந்தார்கள். சில மரங்கள் பருத்து, ஆணியையும் பலகையின் ஓரத்தையும் விழுங்கியிருந்தன. அண்ணன் ஒவ்வொரு பலகையாக நின்று சத்தமாகப் படித்தான். சின்ன வயதில் கடைப் பெயர்ப் பலகைகளை இப்படித்தான் படிப்பான். நான் வாயைத் திறப்பேன், அடுத்த பலகை வந்துவிடும். "அண்ணா, ஒரு விஷயம்" என்று மூங்கில் புதர்ப் பக்கம் ஆரம்பித்தேன். "இரு இரு, எல்லாரும் இங்க நில்லுங்க" என்று அண்ணி போனை நீட்டிப் படம் எடுத்தாள். மான் வேலிக்குப் பக்கத்தில் மறுபடி ஆரம்பித்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஏழெட்டு மான்கள் நின்றன. வேலியை ஒட்டி அவை நடந்து நடந்து, புல்லே முளைக்காத ஒற்றையடித் தடம் ஒன்று வளைந்து போனது. நடுவில் அத்தனை இடம் கிடக்க, ஏன்தான் ஓரத்திலேயே நடக்கின்றனவோ. "அண்ணா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு குதித்து அண்ணியின் கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அண்ணி போட்ட கூச்சலில் மான்களே திரும்பிப் பார்த்தன. அப்பா ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?" என்றான் அண்ணன்.

"பயந்துட்டியாம்மான்னு அண்ணியக் கேக்கறார்."

அவர் சொன்னது அதுவல்ல. குரங்குக்காவது துணிச்சல் இருக்கு, நீ இன்னும் மென்னு முழுங்கிட்டு இருக்க. அதுதான் அவர் சொன்னது, என்னைப் பார்த்து. முதலாளியம்மா அப்புறம் ஒரு நாள் ராத்திரி போன் செய்து பேசியதையெல்லாம் அதே அறையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர்தானே. நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் காதைத் தனியாக மூடிவைக்க இடம் கிடையாது.

இந்த மொழிபெயர்ப்பு வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அண்ணன் போன் செய்வான். நான் ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் மடியில் வைப்பேன். "எப்படி இருக்கீங்கப்பா?" என்பான். அப்பா, "உயிரோட இருக்கேனான்னு பாக்கத்தான் போன் பண்றியாடா?" என்பார். நான், "நல்லா இருக்காராம், உன் உடம்பப் பாத்துக்கச் சொல்றார்" என்பேன். ஆரம்பத்தில் சண்டை வரக்கூடாதே என்று செய்தேன். அப்புறம் அதுவே பழகிப்போனது, கொஞ்சம் ருசியாகவும் இருந்தது. அப்பாவிடம் அண்ணனைப் பற்றியும், அண்ணனிடம் அப்பாவைப் பற்றியும் நான் வைத்ததுதான் சட்டம். ஒரு தடவை வீடியோவில் அண்ணன் புதுக் காரைக் காட்டினான். அப்பா தும்மினார். "ரொம்ப சந்தோஷம்ன்றார்" என்றேன். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். "தும்மலுக்கு இவ்வளவு அர்த்தமா!" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அருவியின் சத்தம் முதலில் வந்தது. ஒரு வளைவு திரும்பினால் அருவி. நிஜ அருவி இல்லை. இரண்டு மாடி உயரத்துக்குச் சிமெண்டில் பாறை கட்டி, மோட்டார் வைத்துத் தண்ணீரை ஏற்றி விழவிடுகிறார்கள். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை என்று பலகை இருந்தது. கீழே குளம், குளத்தில் தலையை மட்டும் நீட்டிய ஆமைகள், ஓரத்தில் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு. சாரல் பாதை வரைக்கும் அடித்தது. அப்பாவைக் கம்பித் தடுப்பை ஒட்டி நிறுத்தினேன். தண்ணீர் முகத்தில் பட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூக்கிலும் தாடையிலும் சொட்டுச் சொட்டாக இறங்கியது, துடைக்கப் போன என் கையை முழங்கையால் தள்ளிவிட்டார். அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்து வெகு நாள் ஆயிற்று. "டிப்போல பஸ்ஸக் கழுவற மாதிரி இருக்கு" என்றார். சொன்னதை அப்படியே சொன்னேன். அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அரை மணி கழித்து அண்ணன், "பட்டாம்பூச்சிக் கூடம்னு போட்டிருக்கான், வாங்க" என்று நாற்காலியைத் திருப்பப் போனான். டக். நான் போய்த் திருப்பினேன். எனக்குமே டக். கண்ணைக்கூடத் திறக்கவில்லை மனுஷன்.

"நான் மாமாகூட இருக்கேன், நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றாள் அண்ணி. அவளுக்குக் கால் வலி. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் அவள் எனக்குச் செய்தது பெரிய உபகாரம்.

பட்டாம்பூச்சிக் கூடத்துக்கு இரண்டு கதவு. முதல் கதவைத் திறந்து உள்ளே போனால் லிஃப்ட் அளவுக்கு ஓர் இடம், அதற்கப்புறம் இரண்டாவது கதவு. முதல் கதவு முழுசாக மூடினால்தான் சிவப்பு விளக்கு பச்சையாகும், இரண்டாவது கதவு திறக்கும். பூச்சிகள் வெளியே போய்விடக் கூடாது என்று ஏற்பாடு. நானும் அண்ணனும் உள்ளே போனோம். எங்கள் பின்னால் ஒரு அம்மா, உள்ளே வரமாட்டேன் என்று அழும் பிள்ளையை இழுத்துக்கொண்டிருந்தாள். கதவு மூடவில்லை. விளக்கு சிவப்பாகவே இருந்தது. அண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். வாழ்க்கையில் அவனை இப்படி ஓர் இடத்தில் நிறுத்தி நான் பிடித்ததே இல்லை.

"அண்ணா, அப்பாவ நீ கூட்டிட்டுப் போ."

"எங்க, பாத்ரூமுக்கா?"

"உன் வீட்டுக்கு."

கைக்குட்டை கழுத்திலேயே நின்றது. நான் எல்லாவற்றையும் கொட்டினேன். புதுக்கடை, பட்டறை, ஆறு மணி. ஜன்னலைப் பற்றிச் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பான். அவன் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நல்ல விஷயம்தான். யாரு வேணாம்னா? ஆனா அப்பா வரணுமே. நீதான சொல்வ, அந்த வீட்ட விட்டு ஒரு அடி நகர மாட்டார்னு? போன மாசம்கூட சொன்ன."

சொன்னேன்தான். போன மாதம், அதற்கு முந்தின மாதம், போன வருடம். "கொஞ்ச நாள் இங்க வந்து இருக்கட்டுமே" என்று அவன் ஒப்புக்குக் கேட்கும்போதெல்லாம் அப்பாவைக் கேட்காமலேயே, "வரமாட்டேன்றார்" என்றிருக்கிறேன். ஏன் அப்படிச் சொன்னேன்? என்னை விட்டால் அவருக்கு யாரும் இல்லை என்று எல்லோரும் சொல்வதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. அக்கம்பக்கத்தில், கடையில், மருத்துவமனையில், இந்தக் காலத்தில் இப்படி ஒரு பொண்ணா என்பார்கள். அந்த ஒரு பேச்சுக்காக நான் என் வாசலுக்கு நானே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் நின்றபோது எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன, யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

"அது அப்ப சொன்னது. இப்ப கேளு" என்றேன்.

"அவரையே கேட்டுருவோம். அவர் வர்றேன்னா எனக்கென்ன கஷ்டம்? அவரே சொல்லட்டும்."

அவன் குரலில் ஒரு நிம்மதி வந்துவிட்டது. அப்பா என்ன சொல்வார் என்று அவனுக்குத் தெரியும் போல. பிள்ளை ஒருவழியாக உள்ளே வந்தது, கதவு மூடியது, விளக்கு பச்சையானது. பட்டாம்பூச்சிகளை நான் பார்த்தேனா என்று கேட்டால், பார்த்தேன், ஒன்றும் நினைவில் இல்லை. வெளியே போகும் கதவருகே அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் மெல்லிய பிரஷ்ஷுடன் நின்று ஒவ்வொருவரையும் திரும்பச் சொன்னாள். "மேல ஒட்டிக்கிட்டு வெளிய போயிடும், வெளிய போனா ஒரு நாள் தாங்காது" என்றாள். என் முதுகில் ஒன்று இருந்ததாம். தட்டி உள்ளே விட்டாள்.

திரும்பி வந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. அப்பா அதே இடத்தில் இருந்தார், சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. "ரெண்டு தடவ நகத்திப் பாத்தேன், டக்குன்னு போட்டுட்டார்" என்றாள் அண்ணி. அண்ணன் அவளை இரண்டடி தள்ளிக் கூட்டிப்போய் ஏதோ சொன்னான். அவள் முகம் மாறியது, பிறகு சரியானது. அண்ணன் அப்பாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அருவிச் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது.

"அப்பா! எங்கூட வந்து இருக்கீங்களா? எங்க வீட்ல! இனிமே அங்கயே!"

அப்பா அவனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன், அதைத்தவிர வேறு எதுவும் எனக்குச் செய்ய வரவில்லை. பிறகு அவர் சொன்னார். இரண்டே சத்தம். வர்றேன்னு சொல்லு.

"என்ன சொல்றார்?"

"வர்றேன்றார்."

அண்ணிதான் முதலில் பேசினாள். "நல்லாக் கேட்டியா?"

"கேட்டேன் அண்ணி."

"இல்ல, தப்பா எடுத்துக்காத. தும்முனதுக்கே சந்தோஷம்னு சொன்னவதான நீ."

"வரமாட்டார்னும் நீதான் சொன்ன" என்றான் அண்ணன் எழுந்து. "வர்றேன்றார்னும் நீயே சொல்ற. இதுல நான் எத நம்பறது?"

"சத்தியமா அதத்தான் சொன்னார்."

"இப்ப உனக்கு அப்படிச் சொன்னாத்தான வசதி?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு முக்கியமான விஷயத்தை உள்ளது உள்ளபடி சொல்கிறேன், ஒருத்தரும் நம்பவில்லை. அப்பா மறுபடி சொன்னார். மறுபடி. கழுத்து நரம்பு புடைத்தது, வாயோரம் எச்சில் வழிந்தது. துடைத்துவிட்டேன். "கோவமா இருக்கற மாதிரி இருக்கே, இப்ப என்ன சொல்றார்?" என்றான் அண்ணன். "அதையேதான் சொல்றார்" என்றேன். என் காதுக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

எங்கேயோ விசில் ஊதினார்கள். அருவி நின்றது. மேலிருந்து கடைசித் தண்ணீர் திட்டுத் திட்டாக விழுந்து, பிறகு சொட்டி, பிறகு அதுவும் இல்லை. பாசி பிடித்த சிமெண்டும், பாறைக்கு நடுவே ஒரு கறுப்பு ரப்பர் குழாயும், யாரோ மறந்துவிட்ட ஒரு வாளியும் தெரிந்தன. அந்த அமைதியில் அப்பாவின் குரல் பெரிதாக எழுந்தது. ஆ. ஏ. நடைபாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அண்ணன் காதைக் கிட்டே கொண்டுபோய் உண்மையிலேயே முயற்சி செய்தான், அதை நான் மறைக்க மாட்டேன். "ஒண்ணும் புரியலப்பா" என்றான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

"பிரேக்தான் இருக்கே" என்றாள் அண்ணி. "மாமா அதுல சொல்லட்டும்."

அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான். "அப்பா, நான் தள்றேன். எங்கூட வர இஷ்டம்னா நீங்களே பிரேக்க எடுங்க. இல்லைன்னா அப்படியே இருக்கட்டும். யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டோம். சரியா?" சொல்லிவிட்டு நாற்காலிக்குப் பின்னால் போய்க் கைப்பிடியில் கை வைத்தான். கேட்டிலிருந்து இதுவரை அவன் கை வைத்தபோதெல்லாம் டக் என்று விழுந்திருக்கிறது. அவனுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டிக் கிளம்பத் தயாரானாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நானும் நினைத்தேன். ஆறு மணிக்கு முதலாளியம்மாவிடம் எந்தக் குரலில் பேசுவது, திங்கட்கிழமை அந்தக் குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கிப் போட வேண்டும், இப்படியெல்லாம் ஓடியது.

அப்பாவின் இடது கை மடியிலிருந்து எழுந்தது. கீழே இறங்கியது. பிரேக்கின் மேல் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு அதை மேலே தூக்கியது.

நாற்காலி நகர்ந்தது. அண்ணன் எதிர்பார்க்காததால் இரண்டடி தடுமாறி, பிறகு தள்ளினான். பத்தடி, இருபதடி. அருவியை விட்டுப் பாதை திரும்பும் வளைவு வந்தது. பிரேக் விழவில்லை.

"போடலையே" என்றாள் அண்ணி, யாரிடமோ. "மாமா நிஜமாவே வர்றேன்றாரா?"

என் நெஞ்சு வெட்கமில்லாமல் குதித்தது. நான் மறைக்க மாட்டேன், குதித்தது. மேசைக்கு மேலே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கிளை. பைக்குள் கையை விட்டுப் போனைத் தேடிக்கொண்டே ஓடி, நாற்காலிக்குப் பக்கத்தில் போய் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வாயின் நல்ல பக்கத்தால் நன்றாகவே சிரித்தார். முகத்தில் இன்னும் ஈரம் இருந்தது. துடைக்கக் குனிந்தேன். அப்போதுதான் மடியைப் பார்த்தேன்.

என் கை பாதியில் நின்றதை அண்ணன் பார்த்துவிட்டான் போல. தள்ளுவதை நிறுத்தினான்.

"என்ன சொல்றார்?"

அப்பா வாயைத் திறக்கவே இல்லை. மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் குளத்தில், கலக்கம் அடங்கிய தண்ணீரில், கொக்கு மறு காலையும் ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தது. அப்பாவின் இடது கை நனைந்த வேட்டியின் மேல் இருந்தது, நாலு விரலும் இறுக மூடி, கட்டைவிரல் உள்ளே.